இருதய ரண சிகிச்சையும் சுதேசித் திசுவும்

மாட்டின் இருதயத்தைச் சுற்றி மெல்லிய உறையொன்று இருக்கிறது. கசாப்புத் தொட்டியில் கழிவென்று எறியப்படும் அந்த உறையைச் சுத்தி செய்து பக்குவப்படுத்தி, மனிதனுடைய இருதயத்தில் விழுந்த துவாரத்தை அடைக்கலாம். கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாக அதைத் தைத்து வைக்கலாம். ஐம்பது வருஷங்களுக்கு மேலாகவே உலகத்தில் நடந்துவரும் காரியம் இது. ஆயினும் இதைப் பற்றி நமது பொதுவாழ்வில் பேச்சே இல்லை. அணைக்கட்டுகளைப் பற்றியும் ரயில் பாதைகளைப் பற்றியும் வாதமிடும் நமது தேச ஊழியர்கள், ஏழையின் இருதயத்தில் எந்தத் தேசத்துச் சரக்கு வைக்கப்படுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள், அது எத்தனை வருஷம் உழைக்கும் என்ற விஷயங்களை டாக்டர்களுக்கே விட்டுவிட்டார்கள். இது டாக்டர்களுடைய விஷயம் மட்டுமன்று என்பதே நமது அபிப்பிராயம்.

புதுக்கோட்டை ஜில்லாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாட்டைக் கொண்டாடுவதில் இந்தச் சீமைக்கு ஈடு சொல்வது கடினம். வருஷந்தோறும் முதல் ஜல்லிக்கட்டு தச்சங்குறிச்சியில் நடப்பது வழக்கம். விராலிமலைக் காளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமியில், கண்மாய் வற்றிய வருஷத்தில், குடியானவனைக் காப்பாற்றுவது கறவை மாடுதான். அதே குடியானவனுடைய மகளுக்கு இருதய வால்வு கெட்டுப்போனால், மாட்டின் திசுவினால் செய்த வால்வு ஒன்று கடல் கடந்து எங்கிருந்தோ வரவேண்டும் என்ற நிலையை நாம் ஏன் இயற்கை நியதி போல ஏற்றுக்கொள்ள வேண்டும்?

முதலில் வியாதியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நமது கிராமங்களில் இளம் வயதிலேயே வால்வு கெடுவதற்கு முக்கியமான காரணம் ருமாட்டிக் ஜுரம் என்பது. ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு ஒருவகைக் கிருமியினால் தொண்டை நோகிறது. சில நாளில் சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுக்கள் வீங்கி ஜுரம் வருகிறது. அதுவும் போய்விடுகிறது. ஆனால் கிருமியை எதிர்க்க எழுந்த உடம்பின் சக்தி, தன்னுடைய இருதய வால்வையே எதிரியென்று எண்ணித் தாக்கிவிடுகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில்தான் இது அதிகம். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி தவறாமல் போட்டு வந்தால் வால்வு மேலும் கெடாமல் தடுக்கலாம். விலை மலிந்த மருந்து; பெரிய யந்திரம் ஒன்றும் வேண்டாம். இந்த ஊசி கிடைக்காமலோ, பாதியில் நின்றுபோயோ, பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பின் மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணுக்குத்தான் வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது. திசு சாஸ்திரத்தின் மகிமையை இங்கே நாம் பேசப் போவதால், பென்சிலினை மறந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வால்வு தேவைப்படாமல் செய்வதே முதல் கைங்கரியம்.

வால்வு மாற்றியே தீரவேண்டும் என்று வந்துவிட்டால், நோயாளியின் முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உலோகத்தாலும் கரிப்பொருளாலும் செய்த யந்திர வால்வு. மற்றொன்று மாடு அல்லது பன்றியின் திசுவால் செய்த வால்வு. யந்திர வால்வு ஆயுள் முழுவதும் உழைக்கக்கூடியது. ஆனால் அதன்மேல் ரத்தம் உறைந்து ஒட்டும் அபாயம் உண்டு. ஆகையால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தினந்தோறும், சாகும்வரை, சாப்பிட வேண்டும். மாத்திரை அதிகமானால் ரத்தப் போக்கு. குறைந்தால் வால்வு அடைப்பு, பக்கவாதம். அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து வரவேண்டும். பட்டணத்தில் சம்பளக்காரருக்கு இது சாத்தியம். ஆவுடையார்கோவில் பக்கத்திலோ கறம்பக்குடிப் பக்கத்திலோ கூலிக்குப் போகிற இருபத்திரண்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? அவள் கர்ப்பமானால் விபரீதம் இன்னும் அதிகம். அந்த மாத்திரைகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் வார்பரின் இனத்தைச் சேர்ந்தவை, முதல் மாதங்களில் சிசுவின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக்கூடியவை. நிறுத்தினாலோ தாயின் உயிருக்கு ஆபத்து. தாயா பிள்ளையா என்று கேட்கும் நிலைமை இது.

திசு வால்வு இந்தத் தளையிலிருந்து பெரும்பாலும் விடுதலை கொடுக்கிறது. சில மாதம் கழித்து அந்த மாத்திரை அநேகருக்கு வேண்டியதில்லை. அப்படியானால் எல்லோருக்கும் திசு வால்வே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. அறுபத்தைந்து, எழுபது வயதானவருக்கு அது பத்துப் பதினைந்து வருஷம் நன்றாக உழைக்கிறது. இளையவருக்கோ, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அதில் சீக்கிரமே சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகி, கிழிந்துவிடுகிறது. எந்த வயதில் மாத்திரையின் தளை தாங்க முடியாததோ, அந்த வயதிலேயே திசு சீக்கிரம் கெடுகிறது. மேல்நாடுகளில் திசு வால்வு பெறுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஆகவே அவர்களுடைய சரக்கு அவர்களுடைய தேவைக்கேற்ப அமைந்திருப்பதில் ஆச்சரியமில்லை. இளைஞர்களின் நோய் நம்முடைய நோய். அதற்கேற்ற திசுவை நாம்தான் தேட வேண்டும். சுதேசி என்று நாம் சொல்வதன் கருத்து இதுதான். வெறும் விலை விஷயமாகவோ கௌரவ விஷயமாகவோ நாம் இதைச் சொல்லவில்லை.

சுண்ணாம்பு ஏன் படிகிறது என்பதைத் தோல் பதனிடுவோர் எளிதில் அறிந்துகொள்வார்கள். பச்சைத் தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தால் அழுகாமல் உறுதிப்படுகிறது அல்லவா? மாட்டின் இருதய உறைக்கும் அதே உபாயம்தான். இங்கே பட்டைக்குப் பதிலாக குளுட்டரால்டிஹைடு என்னும் ரசாயனம். அதுவும் தோல் பதனிடும் தொழிலில் உபயோகப்படுவதே. அது திசுவிலுள்ள கொலாஜன் என்னும் நார்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதனால் திசு உறுதியாகிறது. அன்னியப் பொருள் என்று உடம்பு அதை எதிர்ப்பதும் குறைகிறது. பிரான்ஸ் தேசத்து டாக்டர் அலென் கார்பெந்தியே 1960-களின் பிற்பகுதியில் இம்முறையை வால்வுகளுக்கு ஏற்றதாக்கினார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் டாக்டர் மரியன் அயனெஸ்கு 1971-ல் மாட்டின் இருதய உறையைக் கொண்டே வால்வு செய்து பொருத்தினார். ஆனால் பதனிட்ட தோல் செத்த தோல்தான். அதில் எஞ்சியிருக்கும் ரசாயனமும், உள்ளே மடிந்து கிடக்கும் மாட்டின் உயிரணுக்களும் சுண்ணாம்பை இழுக்கின்றன. குழந்தை வளரும், அது வளராது.

இதற்கு மாற்றாக வந்ததே உயிரணு நீக்கும் முறை. திசுவைச் சலவை செய்வது போல, சோப்பையொத்த ரசாயனங்களாலும் நொதிகளாலும் திரும்பத் திரும்பக் கழுவி, மாட்டின் உயிரணுக்களை அடியோடு அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது வெறும் நார்ச் சட்டம். வீட்டுக்காரர் காலி செய்துபோன வீடு என்று சொல்லலாம். அந்த வீட்டில் நோயாளியின் சொந்த உயிரணுக்கள் மெல்ல வந்து குடியேறும், திசு நாளடைவில் அவருடையதாகவே ஆகிவிடும் என்பது சாஸ்திரக்காரர்களின் நம்பிக்கை. இந்த நார்ச் சட்டத்தின் அமைப்பைக் கண்டறிந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நமது கல்லூரி மாணவர்களே பலர் அறியார். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1954-ல் சென்னைச் சர்வகலாசாலையிலிருந்து உலகுக்குச் சொன்னவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1948-ல் சென்னை அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் கொலாஜன் ஆராய்ச்சி தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. அறிவு இங்கே இருந்தது. மாடு இங்கே இருந்தது. நோயாளியும் இங்கேயே இருந்தான். இம்மூன்றையும் இணைக்க நாம் என்ன செய்தோம்?

ஓரளவு இணைத்துப் பார்த்தவர் சென்னையில் டாக்டர் கே. எம். செரியன். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நமது தேசத்தின் முதல் இருதய பைபாஸ் ரண சிகிச்சையைச் செய்தவர் அவர். பிற்காலத்தில் சென்னையில் தாம் நிறுவிய ப்ரான்டியர் லைப்லைன் ஆஸ்பத்திரியில், மாட்டின் இருதய உறை, கழுத்துச் சிரை, பன்றியின் நுரையீரல் தமனி முதலியவற்றிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பக்குவப்படுத்தும் ஆராய்ச்சியில் அவரும் அவருடைய சகாக்களும் ஈடுபட்டார்கள். மாட்டின் கழுத்துச் சிரையை அவர்கள் நாடியதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தச் சிரைக்குள்ளேயே இயற்கையாக வால்வு ஒன்று அமைந்திருக்கிறது. பிறவியிலேயே நுரையீரல் தமனி சரியாக அமையாத குழந்தைக்கு, வால்வும் குழாயுமாக ஒரே துண்டாக அதை வைத்துவிடலாம். டாக்டர் செரியன் 2025 ஜனவரியில் காலமானார். ஒரு மனிதருடைய ஊக்கத்தை நம்பி நடக்கும் காரியம் அந்த மனிதரோடு தளர்ந்துபோகும் என்பது நமது தேசத்தில் அடிக்கடி காணும் காட்சி. இந்த விஷயத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதே நமது கவலை.

சர்க்கார் பணமும் பொறுமையும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அண்டையிலேயே அத்தாட்சி இருக்கிறது. திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் ராஜ குடும்பத்தார் 1973-ல் கொடுத்த கட்டிடத்தில் தோன்றியது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். 1980-ல் பார்லிமெண்டுச் சட்டத்தினால் அது தேசிய முக்கியத்துவம் பெற்றது. டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் அங்கே சுதேசி யந்திர வால்வு ஒன்று செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் கைவிடப்பட்டன. நீலக்கல்லில் செய்த தட்டு சோதனையில் உடைந்தது. மனிதனுடைய இருதயம் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் அந்தத் தட்டு திறந்து மூட வேண்டும். நீலக்கல்லை விட்டுவிட்டு, தேய்மானத்தைத் தாங்கும் ஒருவகைப் பிளாஸ்டிக்கினால் தட்டு செய்து, ஆடுகளின் உடம்பில் வைத்துப் பார்த்து, திருப்தி ஏற்பட்ட பின்னரே 1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. கம்பெனியார் உற்பத்தியை மேற்கொண்டார்கள். வெளிநாட்டு வால்வைவிட மிகக் குறைந்த விலையில் கிடைத்த அந்த வால்வு இதுவரை 1 லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று முறை தோற்றபோது சம்பளத்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பாத ஒரு ஸ்தாபனம் அது. அதனால்தான் நான்காவது மாதிரி உண்டாயிற்று. அதே நிலையத்தார் பின்னர் பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணு நீக்கிச் செய்த கோலிடெர்ம் என்னும் திசுவுக்கு 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி கிடைத்தது. அது தோல் புண்ணை ஆற்றுவதற்குத்தான், இருதயத்துக்கு அன்று; ஆனாலும் வழி திறந்துவிட்டது. குஜராத்தில் வாபி என்னும் ஊரிலுள்ள மெரில் கம்பெனியார், மாட்டின் இருதய உறையால் செய்து, மார்பைப் பிளக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாகவே கொண்டுபோய் வைக்கும் வால்வு ஒன்றை 2018 முதல் விற்கிறார்கள். நம்மால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அவசரப்படுவதால் வரும் கேட்டையும் மறைக்காமல் சொல்லவேண்டும். உயிரணு நீக்கிய பன்றி வால்வு ஒன்றை, பெரும் நம்பிக்கையோடு, ஐரோப்பாவில் வியன்னா நகரத்து டாக்டர்கள் நான்கு சிறுவர்களுக்கு வைத்தார்கள். மூன்று சிறுவர்கள் ஒரு வருஷத்துக்குள் இறந்தார்கள். ஒரு சிறுவனுக்கு ஏழாம் நாளே வால்வு கிழிந்தது. நான்காவது சிறுவனுக்கு வைத்ததை முன்னெச்சரிக்கையாக இரண்டாம் நாளே எடுத்துவிட்டார்கள். உயிரணுக்கள் முற்றிலும் நீங்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த டாக்டர்கள் தங்கள் தோல்வியை 2003-ல் பத்திரிகையில் பகிரங்கமாக வெளியிட்டார்கள். அந்தக் கண்ணியத்தினால் எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருப்பார்கள். நமது தேசத்திலோ 1997-ல் அஸ்ஸாமில் டாக்டர் தனிராம் பரூவா பன்றியின் இருதயத்தையே ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அம்மனிதர் ஏழு நாள் உயிரோடிருந்து இறந்தார். டாக்டர் சிறை சென்றார். இருபத்தைந்து வருஷம் கழித்து 2022-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர்கள், மரபணு மாற்றிய பன்றியின் இருதயத்தை, அரசாங்க அனுமதியோடு ஒருவருக்கு வைத்தபோது உலகம் கை தட்டியது. டாக்டர் பரூவா காலத்துக்கு முந்திய மேதை என்று சொல்வோர் சிலர் உண்டு. அந்தக் கட்சியில் நாம் சேர முடியாது. அனுமதியும் மேற்பார்வையும் இல்லாமல் ஏழையின் உடம்பில் செய்யும் பரீட்சைக்குச் சுதேசி என்று பெயரிட்டால் அந்தச் சொல்லுக்கே இழுக்கு.

ரத்தக் குழாய்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 1894-ல் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோ லியோன் நகரத்தில் கத்தியால் குத்துண்டு, வெட்டுப்பட்ட ரத்தக் குழாயைத் தைக்க வகையறியாததால் இறந்தார். அப்போது அந்நகரத்து மாணவராயிருந்த அலெக்சிஸ் காரல் அதன் பின் ரத்தக் குழாயைத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்து, 1912-ல் நோபல் பரிசு பெற்றார். அதே 1912-ல்தான் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். பெண் என்பதால் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எழுந்த எதிர்ப்பை மகாராஜாவின் உத்தரவு அடக்கியிராவிட்டால், 1954-ல் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தோன்றியிராது. இது இடையே வந்த பேச்சு, மேலே செல்வோம்.

பெரிய ரத்தக் குழாய் பழுதுபட்டால் பாலியெஸ்டர் துணிக் குழாய் போதும். ஆனால் ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த குழாய்களில் துணியும் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் அடைத்துக்கொள்கின்றன. அதனால்தான் பைபாஸ் சிகிச்சையில் நோயாளியின் காலிலிருந்தே சிரையை எடுக்கிறார்கள். காலில் நல்ல சிரை இல்லாதவர், சர்க்கரை நோயால் குழாய்கள் கெட்டவர், சிறுநீரகம் பழுதாகி டயாலிஸிஸ் மேடையில் வாரம் இரண்டு மூன்று முறை படுப்பவர் ஆகியோருக்கு எங்கிருந்து குழாய் கொண்டுவருவது? ஜப்பானில் 1999-ல் நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு அவளுடைய சொந்த உயிரணுக்களை வளர்த்துச் செய்த குழாயை டாக்டர் ஷினோகாவின் குழுவினர் வைத்தார்கள். அமெரிக்காவில் மனித உயிரணுக்களை வளர்த்து, அவை நெய்த நார்க் குழாயை மட்டும் மிச்சப்படுத்திச் செய்த சிம்வெஸ் என்னும் குழாய்க்கு 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. கை கால் தமனி காயப்பட்டு, சொந்தச் சிரை உதவாதவர்களுக்கு மட்டுமே அந்த அனுமதி. குழாய் கிழியக்கூடும் என்ற கடும் எச்சரிக்கையும் அதனுடன் உண்டு. அமெரிக்க விலைக்கு அதை வாங்கி நமது ஜில்லா ஆஸ்பத்திரிகளில் வைக்க முடியும் என்று கனவு காண்பது வீண். நமக்குச் சாத்தியமானது மாட்டுத் திசுதான்.

இங்கே ஒரு நாசூக்கான விஷயம் குறுக்கிடுகிறது. மாடு என்றதும் ஹிந்துக்களில் பலருக்கு மனம் கூசும். பன்றி என்றதும் முஸ்லிம்களுக்கு. மீமிசலிலும் கோட்டைப்பட்டினத்திலும் வாழும் முஸ்லிம் சகோதரருக்குப் பன்றி வால்வையும், பசுவைத் தெய்வமாக வணங்கும் மூதாட்டிக்கு மாட்டு உறையையும், வாய் திறவாமல் வைத்துத் தைத்துவிடுவது நியாயமா? உயிர் காக்கும் அவசரத்தில் அநேகர் சம்மதிக்கவே செய்வார்கள். மதங்களும் அதற்கு இடம் கொடுக்கின்றன என்று அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சம்மதம் என்பது தெரிந்து கொடுப்பது. இன்ன பிராணியின் திசு, இத்தனை வருஷம் உழைக்கும் என்று எதிர்பார்க்கப்படுவது, மறுபடி ரண சிகிச்சை தேவைப்படலாம் என்பதையெல்லாம் நோயாளியின் பாஷையில், தமிழில், எழுதிக் கொடுத்துக் கையொப்பம் வாங்குவது ஆஸ்பத்திரிகளின் கடமை. இங்கிலீஷில் அச்சடித்த தாளில் பெருவிரல் ரேகை வாங்குவதைச் சம்மதம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

பசுவைக் கொல்வதை ஊக்குவிக்கிறோம் என்று நம்மீது குற்றம் சாட்டுவோரும் இருக்கலாம். இந்த உறைக்காக எந்த மாடும் வெட்டப்படுவதில்லை. உணவுக்காக வெட்டப்படும் பிராணியின் கழிவிலிருந்து எடுப்பதே வழக்கம். வேறொரு விதத்தில் நமது மாடுகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இங்கிலாந்து மாடுகளைப் பீடித்து, மனிதனுக்கும் பரவி, உலகை நடுக்கிய பித்த மாட்டு நோய் இந்தியாவில் கண்டதில்லை. சர்வதேசப் பிராணி ஆரோக்கிய ஸ்தாபனம் 2010-ல் அந்த நோயின் அபாயம் மிகச் சொற்பமான தேசங்களின் வரிசையில் இந்தியாவைச் சேர்த்தது. மனிதனுடைய உடம்பில் வைக்கும் திசுவுக்கு இதைவிட நல்ல சாட்சிப் பத்திரம் வேறு என்ன வேண்டும்? ஆனால் எந்த மாடு, எந்த ஊர், என்ன வயது, என்ன நோய் என்று கணக்கு வைத்தால்தான் அந்தச் சாட்சிப் பத்திரத்துக்கு மதிப்பு. அந்தக் கணக்கைச் சந்தை மாட்டுக்கு யாரும் வைப்பதில்லை.

விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். அடைபட்ட இருதயக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்டுக்கு மத்திய சர்க்கார் 2017 பிப்ரவரியில் உச்ச விலை நிர்ணயித்தார்கள். மருந்து பூசிய ஸ்டென்டின் விலை 29,600 ரூபாய்க்குமேல் போகக்கூடாது என்றார்கள். அதற்கு முன் லட்சத்துக்கு மேல் கொடுத்து வந்த நோயாளிகள் அப்போதுதான் தங்கள் பணம் எங்கே போயிற்று என்று அறிந்தார்கள். கம்பெனிகள் ஓடிவிடும் என்று பயமுறுத்தியவர்களும் இருந்தார்கள்; ஸ்டென்டு இன்றும் கிடைக்கிறது. திசு வால்வுக்கும், இருதயத் துவாரத்தை அடைக்கும் உறைத் துண்டுக்கும் இப்படிக் கணக்குக் கேட்பதில் என்ன தவறு? தமிழ்நாட்டில் முதலமைச்சரின் இன்ஷ்யூரன்ஸ் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சைக்கு இடமிருக்கிறது. அந்தப் பணம் ஜனங்களுடைய பணம். அதைக் கொண்டு வாங்கும் சரக்கில், தரத்தில் குறையாத சுதேசித் திசுவுக்கு முதலிடம் கொடுப்பதாகச் சர்க்கார் அறிவித்தாலே, உற்பத்தி செய்ய முன்வருபவர்களுக்குத் தைரியம் பிறக்கும். 'தரத்தில் குறையாத' என்ற சொற்களை நாம் யோசித்தே எழுதுகிறோம். சுதேசி என்ற முத்திரைக்காக மட்டமான வால்வை ஏழைக்கு வைப்பது துரோகம்.

தரம் எப்படித் தெரியும்? வைத்த வால்வு ஒவ்வொன்றையும் பதிவு செய்து, நோயாளியைப் பத்து, இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். இந்த இடத்தில்தான் நமது ஆஸ்பத்திரிகள் பலவும் தவறுகின்றன. ரண சிகிச்சை நடந்த நாளில் பத்திரிகையில் படம் வருகிறது; ஐந்தாவது வருஷம் அந்த நோயாளி உயிரோடிருக்கிறாரா என்று கேட்க ஆளில்லை. புதுக்கோட்டை போன்ற ஒரு ஜில்லா இதில் வழிகாட்டலாம். 1948 மார்ச் 3-ந் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனில் சேர்ந்தது. 1974 ஜனவரியில் தனி ஜில்லாவாயிற்று. தொண்டைமான் மன்னரின் அரண்மனையில் இன்று கலெக்டர் கச்சேரி நடக்கிறது. 2017 முதல் ஜில்லாவிலேயே சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஜில்லாவில் இருதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் யார் யார், எந்த வால்வு, எந்த வருஷம், இப்போது எப்படியிருக்கிறார்கள் என்று ஒரு பேரேட்டை அந்தக் கல்லூரி தொடங்கலாம். கிராமச் சுகாதார நர்ஸுகள் வீடு வீடாகப் போகிறவர்கள்; அவர்கள் கையில் ஒரு பாரம் கொடுத்தால் போதும். அதே நர்ஸு, தொண்டை வலியோடு மூட்டு வீங்கிய குழந்தையைக் கண்டால் பென்சிலின் ஊசிக்கு அனுப்பலாம். ரத்தம் உறையும் அளவைப் பார்க்கும் பரிசோதனை, யந்திர வால்வு வைத்துக்கொண்ட கூலிக்காரப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகாத தூரத்தில் கிடைக்கச் செய்யலாம். இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை.

இரண்டாவது காரியம் கொஞ்சம் பெரியது. ஜில்லாவில் சர்க்கார் கால்நடைப் பண்ணை இருக்கிறது. அண்டையில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திசு வால்வை மனிதனுக்கு வைக்குமுன் ஆட்டுக்கு வைத்து மாதக்கணக்கில் பார்க்க வேண்டும். அதற்குக் கால்நடை டாக்டர் இல்லாமல் முடியாது. பிறந்த நாள் முதல் கணக்கு வைத்த ஆட்டு மந்தையையும் மாட்டு மந்தையையும் பராமரிக்கக் கூடியவர்கள் இவர்கள். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தாரையும், சென்னை சர்க்கார் ஆஸ்பத்திரி இருதய ரண வைத்தியர்களையும், திருவனந்தபுரத்து நிபுணர்களையும் இவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்குச் சர்க்காரின் ஓர் உத்தரவு போதும். பதினைந்து வருஷத்துக்கு உறுதியான மானியமும், மூன்று முறை தோற்றாலும் மூடிவிட மாட்டோம் என்ற வாக்குறுதியும் அதனோடு வேண்டும்.

மனிதத் திசுவையும் நாம் வீணாக்கக் கூடாது. இறந்தவர் கொடுத்த இருதயம் முழுவதும் மாற்றிப் பொருத்த உதவாமற்போனாலும், அதன் வால்வுகளை எடுத்துக் குளிர்ப் பதனத்தில் வைத்துக் குழந்தைகளுக்கு உபயோகிக்கலாம். டாக்டர் டொனால்ட் ராஸ் லண்டனில் 1962-லேயே இப்படிச் செய்தார். தில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்தாரும் செய்திருக்கிறார்கள். உறுப்பு தானத்தில் தமிழ்நாடு தேசத்துக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிவிட்டது. தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு சர்க்கார் மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். மதுரையிலோ திருச்சியிலோ ஒரு வால்வுப் பாங்கு ஏற்படுத்தினால் தென் ஜில்லாக்கள் அனைத்துக்கும் அது பயன்படும்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, திருமயம், விராலிமலை, கந்தர்வகோட்டை ஆகிய ஆறு தொகுதிகளின் அங்கத்தினர்களும், கட்சி பேதமின்றி, சுகாதார மந்திரியிடம் இந்த மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இன்ஷ்யூரன்ஸ் பணத்தில் சென்ற வருஷம் எத்தனை வால்வுகள் வாங்கப்பட்டன, அவற்றில் சுதேசிச் சரக்கு எத்தனை, வைத்துக்கொண்டவர்களில் இன்று உயிரோடிருப்பவர் எத்தனை பேர்?